முதல்முறை கேரவனோடு சுவிஸ் மலைகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருடமும் ஈஸ்டர் முடிந்ததும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "கேரவன் வாங்கிட்டோம், சுவிஸ் போகணும், எங்கே தொடங்குறது?" பிரிட்டனில் இருக்கும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்குப் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேரவன் என்று நான் சொல்வது காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீட்டை. மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்களுக்கும் பாதி விஷயம் பொருந்தும்.

முதல் வெளிநாட்டுப் பயணமே சுவிட்சர்லாந்து என்றால் அதிகமில்லையா?

இல்லை. ஆனால் கேரவனை இழுப்பதே முதல்முறையாக இருக்கக் கூடாது. அதற்கு முன் பிரிட்டனுக்குள்ளேயே இரண்டு வார இறுதிகளாவது போய் வாருங்கள். காலியான ஒரு கார் பார்க்கில் ரிவர்ஸ் எடுத்துப் பழகுங்கள். ஒருமுறை மழையிலும் முன்கூடாரத்தைக் கட்டிப் பாருங்கள். இதெல்லாம் கைக்கு வந்துவிட்டால் சுவிஸ் சாலைகள் உங்களைப் பயமுறுத்தாது. சாலைகள் நன்றாக இருக்கும், வழிகாட்டிப் பலகைகள் தெளிவாக இருக்கும். பிரான்சின் கலேயில் இறங்கியதும் வலது பக்கம் ஓட்டும் முதல் ஒரு மணி நேரம்தான் சிரமம். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் போனைப் பார்க்காமல் சாலையைப் பார்க்கட்டும்.

கேரவனை மலைமேல் இழுத்துப் போக முடியுமா?

முடியும். முதல்முறை வேண்டாம். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: கேரவனைப் பள்ளத்தாக்கின் அடியில் நிறுத்திவிட்டு, மலைக்கு ரயிலிலும் கேபிள் காரிலும் போங்கள்.

சுவிட்சர்லாந்து இதற்கென்றே கட்டி வைத்த நாடு போல இருக்கும். மோட்டார்வே பெர்ன், தூன் வழியாக இன்டர்லாக்கன் வரை கிட்டத்தட்ட சமதளமாகவே கொண்டுபோய் விடும். அங்கிருந்து லவுட்டர்புருன்னன் 12 கிலோமீட்டர்தான். ஆற்றை ஒட்டி மெதுவாக ஏறும் பள்ளத்தாக்குச் சாலை. கொண்டை ஊசி வளைவே கிடையாது. கேரவன் நிற்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர். அங்கிருந்து 3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃபிராவ்யோக் வரைக்கும் ரயிலிலேயே போகலாம். 1912இல் திறந்த பாதை அது.

ஃபூர்க்கா (2,429 மீ.), கிரிம்சல் (2,164 மீ.) கணவாய்களைப் படத்தில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறார்கள். அவற்றைத் தாராளமாகப் பார்க்கலாம், கேரவனைக் கழற்றி வைத்துவிட்டுக் காரில் மட்டும் போய். அவை பெரும்பாலும் ஜூனில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடிவிடும். செர்மாட், வெங்கன், மியூரன் ஆகிய ஊர்களுக்குள் வெளியூர்க் காரே போக முடியாது. செர்மாட்டுக்கு டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

முதல்முறைக்கு நான் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கைத்தான் சொல்வேன். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். 72 அருவிகள் இருப்பதாகக் கணக்குச் சொல்வார்கள். ஊருக்கு மேலேயே ஸ்டவுப்பாக் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் விழுகிறது. காற்று அடித்தால் பாதி வழியிலேயே தண்ணீர் புகையாகிவிடும். அதிகாலை கேரவன் கதவைத் திறந்தபோது முதலில் கேட்டது மாட்டு மணிச் சத்தம், அடுத்து அருவி. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. என் மகள் அதில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். அந்தக் கோட்டின் வழியே பனிமலை தெரிந்தது.

ஒரு குறை உண்டு. பள்ளத்தாக்கு ஆழமானது, காலை வெயில் தரைக்கு வந்து சேரத் தாமதமாகும். வெயில் வேண்டும், ஏரியில் குளிக்க வேண்டும் என்பவர்கள் இன்டர்லாக்கனைச் சுற்றி, தூன் ஏரி அல்லது பிரியன்ஸ் ஏரிக் கரையில் கேம்ப்சைட் பாருங்கள். அங்கிருந்து லவுட்டர்புருன்னனுக்கு ரயிலில் 20 நிமிடம்தான். கிரிண்டல்வால்டும் அழகுதான், ஐகர் மலை முகத்துக்கு நேரே நிற்கும்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. அதற்கு முன் போனால் உயரமான நடைபாதைகளில் பனி கிடக்கும். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஆகஸ்ட் கடைசி இரண்டு வாரங்களைப் பிடியுங்கள். பெர்ன் மாநிலப் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவில் திறந்துவிடும், இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு இன்னும் விடுமுறை இருக்கும். கூட்டம் சட்டென்று குறைவது கண்ணுக்குத் தெரியும். ஜூலையிலோ, ஆகஸ்ட் 1 அன்று வரும் சுவிஸ் தேசிய தினத்தை ஒட்டியோ போவதாக இருந்தால் பல மாதங்களுக்கு முன்பே இடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும்போது காரையும் சேர்த்து மொத்த நீளம், முன்கூடாரத்தின் அளவு இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

எந்த வழியாகப் போவது, எத்தனை நாள் ஆகும்?

ஃபோக்ஸ்டனிலிருந்து சுரங்க ரயிலில் கலே 35 நிமிடம். கேரவனின் கேஸ் சிலிண்டரை மூடியிருக்கிறோமா என்று ஏறுவதற்கு முன் பார்ப்பார்கள். கலேயிலிருந்து சுவிஸ் எல்லையில் இருக்கும் பாசல் வரை 700 கிலோமீட்டருக்கு மேல், பாசலிலிருந்து லவுட்டர்புருன்னன் இன்னொரு 160. கேரவனோடு இதை ஒரே நாளில் ஓட்ட நினைக்காதீர்கள். இரண்டு நாளாகப் பிரித்து, நடுவில் ஓர் இரவு தங்குங்கள். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால் இரண்டு இரவு.

நேர்வழி ரைம்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க், மியூலூஸ் வழியாக. இதில் பெரும்பகுதி சுங்கச் சாலை. கேரவன் இரண்டு மீட்டரைவிட உயரம் என்பதால் பிரான்சில் காரும் கேரவனும் சேர்ந்து வகுப்பு 2 கட்டணத்துக்குள் வரும், தனிக் காரைவிட அதிகம். பெல்ஜியம், லக்சம்பர்க் வழியாகச் சுற்றிப் போனால் அந்த இரண்டு நாடுகளிலும் காருக்குச் சுங்கம் கிடையாது. லக்சம்பர்க்கில் பெட்ரோலும் மலிவு, அங்கே டாங்க்கை நிரப்பிக்கொள்ளலாம். நாங்கள் போகும்போது நேர்வழி, திரும்பும்போது லக்சம்பர்க் வழி.

பிரிட்டிஷ் கேரவனுக்குக் கதவு இடது பக்கம் இருக்கும். ஐரோப்பாவில் சாலையோரம் வலது பக்கத்தில் நிறுத்தினால் அந்தக் கதவு வண்டிகள் வரும் பக்கம் திறக்கும். டீ போட நிறுத்துவதானால் சாலையோரத்தில் வேண்டாம், ஓய்விடத்துக்குள்ளே போய்த்தான் நிறுத்த வேண்டும். பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லி வையுங்கள்.

விக்னெட் என்பது என்ன? கேரவனுக்கும் வேண்டுமா?

சுவிஸ் மோட்டார்வேக்களுக்கான வருடாந்திரக் கட்டணம். ஒன்று 40 பிராங்க். காருக்கு ஒன்று, கேரவனுக்குத் தனியாக ஒன்று, ஆக 80 பிராங்க். முதல்முறை போகிறவர்கள் மறப்பது இந்த இரண்டாவதைத்தான். இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம், விக்னெட்டும் வாங்க வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து மின்-விக்னெட்டும் உண்டு. வண்டி எண்ணைக் கொடுத்து வீட்டிலிருந்தே வாங்கிவிடலாம், கண்ணாடியில் எதையும் ஒட்ட வேண்டியதில்லை.

சுவிஸ் அரசின் சொந்த இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடலில் முதலில் வந்த ஓர் இடைத்தரகர் தளத்தில் அவசரமாக வாங்கி, ஒவ்வொரு விக்னெட்டுக்கும் கூடுதல் பணம் கட்டிவிட்டேன். பார்வைக்கு அரசுத் தளம் போலவே இருந்தது.

என்னென்ன ஆவணங்கள் தேவை?

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளின் கூட்டில் இருக்கிறது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் விசா வேண்டாம். 180 நாளில் 90 நாள் வரைதான் ஷெங்கன் நாடுகளில் தங்கலாம், அந்தக் கணக்கில் பிரான்ஸ் நாட்களும் சேரும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம், அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் விசா தேவைப்பட்டாலும் அந்த நேர்காணல் தேதி கிடைத்த பிறகே கேம்ப்சைட்டுக்குப் பணம் கட்டுங்கள். கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய எல்லைப் பதிவு முறை 2025 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது, ஃபோக்ஸ்டனில் அதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

1997க்குப் பிறகு ஓட்டுநர் தேர்வில் தேறியவர்களுக்கு முன்பு கனமான கேரவன் இழுக்கத் தனித் தேர்வு இருந்தது. 2021 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் உங்கள் ஓட்டுநர் உரிம அட்டை பழையதாக இருந்தால், கனமான கேரவன் இழுக்கும் அனுமதியைக் குறிக்கும் 'பிஇ' என்ற வகை அதில் அச்சாகி இருக்காது. வெளிநாட்டுக் காவலர் பார்ப்பது அட்டையைத்தான் என்பதால், கிளம்புவதற்கு முன் புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது.

காரின் பதிவுப் புத்தகம், காப்பீட்டுச் சான்று, கேரவன் காப்பீடு ஆகியவற்றின் அசல் வேண்டும். பழைய 'ஜிபி' ஸ்டிக்கர் இப்போது செல்லாது. 'யுகே' ஸ்டிக்கர் கேரவனின் பின்புறம் இருக்கட்டும். எதிரே வருபவரின் கண் கூசாமலிருக்க முகப்பு விளக்குக்கு ஒட்டும் வில்லை, எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேற்சட்டை ஆகியவற்றைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கேரவனுக்குள் வைத்துவிடாதீர்கள்.

வீட்டுச் சாப்பாட்டுப் பொருட்களைக் கொண்டு போகலாமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பிரிட்டனிலிருந்து பிரான்சுக்குள் இறைச்சி, பால், பால் பொருள் எதுவும் கொண்டு போகக் கூடாது. அதாவது தயிர் இல்லை, நெய் இல்லை, ஃப்ரிட்ஜில் உறைய வைத்த கோழிக்குழம்பும் இல்லை. காய்கறி, பழம், கீரை வகைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் இதில் அடிபடும். சான்றிதழ் தேவைப்படாத சில பழங்களில் வாழைப்பழமும் தேங்காயும் இருப்பது நமக்கு ஓர் ஆறுதல். அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், ரவை எல்லாம் தாராளமாக எடுத்துப் போகலாம்.

சுவிஸ் எல்லை தனிச் சுங்க எல்லை. பிரான்சில் இறைச்சி வாங்கிப் போனால் ஆளுக்கு ஒரு கிலோதான் வரியில்லாமல் அனுமதி. பாசலிலும் பெர்னிலும் ஈழத் தமிழர்கள் நடத்தும் கடைகள் இருக்கின்றன. கறிவேப்பிலை, முருங்கைக்காய், இடியப்ப மாவு வரை அங்கே கிடைக்கும். பெர்னில் பல சமயத்தாரும் ஒரே கூரையின்கீழ் வழிபடும் சமயங்களின் இல்லம் 2014 முதல் இருக்கிறது. அதற்குள் சைவக் கோவிலும் உண்டு. வழியில் ஒரு மணி நேரம் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகலாம், கேரவனை நிறுத்த மட்டும் முன்கூட்டியே இடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே மிக்ரோஸ் அல்லது கோப் சூப்பர்மார்க்கெட்டில் பாலும் ரொட்டியும் வாங்கிவிடுங்கள்.

குக்கரை மறக்காதீர்கள். 800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும், இன்னும் மேலே போகப் போகக் குறையும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிக்கும். தாளிப்பதைக் கேரவனுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒருமுறை தாளித்தால் மெத்தைத் துணியில் அந்த வாசனை வாரக்கணக்கில் நிற்கும்.

கேஸ், கரண்ட் எப்படி?

பியூட்டேன் கேஸ் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் வந்தாலே ஆவியாகாமல் படுத்துவிடும். புரோப்பேன் மைனஸ் 40 வரை தாங்கும். மலைக்குப் புரோப்பேன், அதாவது பிரிட்டனில் சிவப்பு சிலிண்டர். பிரிட்டிஷ் சிலிண்டரை அங்கே மாற்ற முடியாது என்பதால் நிறைத்து எடுத்துப் போங்கள். கரண்ட் 230 வோல்ட்தான். பெரும்பாலும் நாம் பயன்படுத்தும் அதே நீல நிற மூன்று முள் பிளக். சில பழைய கேம்ப்சைட்களில் சுவிஸ் மூன்று முள் சாக்கெட் இருக்கும். அதற்கு ஓர் அடாப்டர் வாங்கி வையுங்கள். ஆம்ப் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் கெட்டிலையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டதும் ட்ரிப் ஆகிவிடும்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும் என்கிறார்களே?

பயம் நியாயமானது. கேரவனின் பிரேக்குக்குத் தனி மிதி கிடையாது. கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலில் கொக்கித் தண்டு உள்ளே போய் கேரவன் பிரேக்கைப் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் காலை மிதியிலேயே வைத்திருந்தால் காரின் பிரேக்கும் கேரவனின் பிரேக்கும் சேர்ந்து சூடாகும்.

எங்கள் முதல் பயணத்தில் லூசர்ன் பக்கமிருந்து வந்தபோது சாட்நாவ் சொன்னபடி புரூனிக் கணவாய் வழியாகப் போனேன். உயரம் 1,008 மீட்டர்தான், பெரிய கணவாய் இல்லை. பிரியன்ஸ் பக்கம் இறங்கும்போது மூன்றாவது கியரில், காலை பிரேக்கில் வைத்தபடியே வந்தேன். கருகிய ரப்பர் மாதிரி ஒரு வாசனை முதலில் என் மனைவிக்குத்தான் வந்தது. ஓர் ஒதுங்குமிடத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தால் கேரவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டவே முடியவில்லை, அனல் அடித்தது. அரை மணி நேரம் அப்படியே நின்றோம். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தானாக ஆறத்தான் விட வேண்டும்.

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஏறுவதற்குப் போடும் அதே கியரைப் போட்டுக்கொள்வேன். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் நிலைக்கு மாற்றுவேன். பிரேக்கை இடைவெளி விட்டு நன்றாக அழுத்திப் பிடித்து, பிறகு காலை மிதியிலிருந்து முழுவதுமாக எடுத்துவிடுவேன். பின்னால் வரிசை சேர்ந்தால் ஒதுங்கி வழி விடுவேன். வருடாந்திரச் சர்வீசைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள், டயர்களின் வயதையும் பாருங்கள்.

எடை விஷயத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல்முறை இழுப்பவர்களுக்குக் கேரவனின் மொத்த எடை காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருப்பது பாதுகாப்பு. அரிசி மூட்டை, தண்ணீர் கேன் போன்ற கனமானவை அச்சுக்கு மேலே, தரையோடு இருக்கட்டும். பின்பக்க அலமாரியில் பாரம் ஏற்றினால் மோட்டார்வேயில் கேரவன் வாலாட்ட ஆரம்பிக்கும்.

குறுகிய மலைச்சாலையில் எதிரே பஸ் வந்தால்?

நீல நிறப் பலகையில் மஞ்சள் கொம்பு படம் இருந்தால் அது அஞ்சல் பஸ் சாலை. அங்கே மஞ்சள் பஸ்ஸுக்குத்தான் முன்னுரிமை. ஓட்டுநர் கைகாட்டியபடி நீங்கள் ஒதுங்க வேண்டும். வளைவுக்கு முன் மூன்று சுரத்தில் ஒரு ஹாரன் கேட்கும். ரோசினியின் 'வில்லியம் டெல்' இசை நாடகத்தின் முகப்பிசையிலிருந்து எடுத்த சுரங்கள் அவை. என் பிள்ளைகள் ஊர் திரும்பிய பிறகும் அதைப் பாடிக்கொண்டிருந்தார்கள். மற்றபடி செங்குத்தான சாலையில் இரண்டு கார்கள் சந்தித்தால் இறங்குபவர் வழி விடுவது வழக்கம்.

வேக வரம்பு?

ஊருக்குள் 50, வெளியே 80. கேரவனோடு மோட்டார்வேயில் முன்பு 80 ஆக இருந்தது; 2021 முதல், வண்டியும் கேரவனும் அதற்குத் தகுதியானவை என்றால் 100 வரை போகலாம். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். வேகக் கேமராவை எச்சரிக்கும் வசதி சுவிட்சர்லாந்தில் சட்டவிரோதம், சாட்நாவில் அணைத்துவிடுங்கள். அபராதம் கடுமையாக இருக்கும், வீடு தேடி வரும்.

எவ்வளவு செலவாகும்?

தங்கும் செலவைவிட மலை ரயில் செலவுதான் அடிக்கும். யுங்ஃபிராவ்யோக் போய்வர கோடையில் ஒருவருக்கு 200 பிராங்க்கைத் தாண்டும். அரைக் கட்டண அட்டை வாங்கினால் ரயில், பஸ், கப்பல், பெரும்பாலான கேபிள் கார்கள் எல்லாம் பாதி விலை. இரண்டு மூன்று பெரிய மலைகளுக்குப் போகிறீர்கள் என்றால் அட்டையின் விலை திரும்ப வந்துவிடும். 15 வயது வரையான பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை கேளுங்கள், பெற்றோரோடு இலவசமாகப் போகலாம். கேம்ப்சைட்டில் சுற்றுலா வரி தனி. பல ஊர்களில் அதற்குப் பதிலாக உள்ளூர் பஸ்ஸில் இலவசமாகப் போக விருந்தினர் அட்டை தருவார்கள். கேட்டு வாங்குங்கள்.

குடிநீருக்குச் செலவே வேண்டாம். தெரு நீரூற்றுகளில், குடிக்கக் கூடாது என்று பலகை இல்லாவிட்டால், பாட்டிலில் பிடித்துக் குடிக்கலாம்.

சாலையோரம் நிறுத்தி இரவு தூங்கலாமா?

வேண்டாம். பெரும்பாலான இடங்களில் அனுமதி இல்லை. கேம்ப்சைட்டுக்குள்ளும் இரவு 10 மணிக்கு மேல் அமைதி; மதியம் வரவேற்பறை மூடும் நேரமும் உண்டு. வந்து சேரும் நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

மழை, காற்று, குளிர்?

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். பள்ளத்தாக்கில் 25 டிகிரி வெயிலில் கிளம்பி, மேலே பனியில் நடுங்கலாம். கோடையில் மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம், அதனால் மலைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கேரவனை விட்டுப் போகும்போது மேல்விதானத்தைச் சுருட்டி வையுங்கள். தெற்கிலிருந்து இறங்கும் ஃபன் என்ற வெப்பக்காற்று சட்டென்று கிளம்பும். தரை கல்லாக இருப்பதால் சாதாரண முளைகள் வளைந்துவிடும். தடித்த இரும்பு முளையும் சுத்தியலும் எடுத்துப் போங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

ஆம்புலன்ஸ் 144, காவல்துறை 117, எதற்கும் 112. மலையில் மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414. ரேகா என்ற அமைப்பு 1952 முதல் இதை நடத்துகிறது. பிரிட்டனின் உலகளாவிய சுகாதார அட்டை மலை மீட்பை ஈடுசெய்யாது. பயணக் காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பும், காரோடு கேரவனையும் ஊர் சேர்க்கும் பழுதுதவியும் இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள்.

வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

கண்டிப்பாக. ஓடும்போது கேரவனுக்குள் யாரும் உட்காரக் கூடாது என்பதால் காரில் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும். இதய நோய், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் 3,454 மீட்டருக்குப் போவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். அவ்வளவு உயரம் போகாமலே அவர்கள் பார்க்க நிறைய இருக்கிறது. லவுட்டர்புருன்னனிலிருந்து ஸ்டெக்கல்பெர்க் வரை ஆற்றங்கரையோடு சமதளமாக நடைபாதை போகிறது. கால் வலித்தால் பக்கத்துச் சாலையில் பஸ் வரும். இரண்டு பக்கமும் அருவிகள்தான்.

முழங்கால் வலியோடு வந்த என் அம்மா அந்தப் பாதையில் பாதி தூரம் நடந்தார். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றிக் குடித்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் புல்லில் கால் வைத்துப் பார்த்தார். "ஜில்லுன்னு இருக்கு" என்றவர், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். நான் சொன்னதும், "அதுக்கு அடுத்ததுல போகலாம்" என்றார்.